தேய்மானம் போக மீதி

நான் பி.காம். மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: தேய்மானம். வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்துக்கொண்டே வர வேண்டும். 1985-ல் அப்பா பதினாறாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய புல்லட்டை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதன் மதிப்பு 24 ரூபாய். இரண்டு டீ. எங்கள் காவேரிப்பாக்கம் டீக்கடையில் என்றால் சில்லறைகூட மிஞ்சும்.

அந்த 24 ரூபாய் வண்டிக்கு ஒன்றேகால் லட்சம் தருகிறேன் என்று பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அக்கவுன்டன்ஸி புத்தகம் எழுதிய எவரும் புல்லட் வைத்திருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் இரண்டு கண்டிஷன் போட்டார். "வண்டி ஓடணும் சார். ஆர்.சி. உயிரோட இருக்கணும்."

வண்டி ஓடவில்லை. ஆர்.சி.க்கும் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. சொந்த வண்டிக்கு முதல் ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2000, 2005, 2010 என்று அப்பா ஒவ்வொரு தடவையும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வருவார். 2025-ல் அடுத்த தவணை.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வண்டி எங்கள் வீட்டு நடையை விட்டு எங்கும் குடிபோகவில்லை. ஆனால் வாங்கும்போது அது வட ஆற்காடு மாவட்டத்து வண்டி. 1989-ல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். நின்ற இடத்திலேயே நாலு மாவட்டம் டூர் அடித்த வண்டி இதுவாகத்தான் இருக்கும்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவேரிப்பாக்கம் என்றால், "கிருஷ்ணகிரி பக்கம் இருக்கே, அதானே?" என்பார்கள். அது காவேரிப்பட்டினம். நாங்கள் சென்னை - பெங்களூர் ரோட்டில் வாலாஜாபேட்டைக்கு முன்னால் இருக்கிறோம். பஸ்ஸில் போகிறவர்கள் பாதிப் பேர் எங்கள் ஊரைத் தூக்கத்தில் தாண்டிவிடுவார்கள். ஊர் பெயரில் காவேரி. ஆனால் எங்களுக்கு வாய்த்தது பாலாறு. அதிலும் பால் இல்லை, பல வருஷங்களில் ஆறும் இல்லை. ஏரி மட்டும் உண்டு. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. பல்லவ ராஜா மூன்றாம் நந்திவர்மன் வெட்டியது என்பார்கள். வாலாஜா பக்கத்து அணைக்கட்டிலிருந்து கால்வாயில் பாலாற்றுத் தண்ணீர் வந்து நிரம்பினால், கரையில் நின்று பார்க்கக் கடல் மாதிரி இருக்கும். எங்கள் ஊர்ச் சிலைகளைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் மியூசியத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது ஏரியைப் பார்க்க அப்பா புல்லட்டில் போய் வந்தார். அதுதான் கடைசி. வந்து நிறுத்தியவர், அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்தினார். யாரும் காரணம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்தில் தோல் என்றால் ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரை ஒரே வரிசை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தின் வாலையும், குரோமியம் வந்த காலத்தின் தலையையும் பார்த்தவர் அவர். வேலை, தரம் பிரிப்பது. மேஜையில் தோலை விரித்து விரலால் ஒரு தடவு தடவினால் போதும். எங்கே உண்ணி கடித்தது, எங்கே கத்தி ஆழமாக இறங்கியது, எந்தத் தோல் ஷூவுக்கு, எந்தத் தோல் பர்ஸுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் சரக்குப் பார்க்கப் போக அவர் வாங்கியதுதான் புல்லட். மழை, வெயில், ராத்திரி லாரி வெளிச்சம் எல்லாவற்றிலும் அதுதான். பெங்களூர், திருப்பதி, ஏலகிரி என்று எங்களையும் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். டாங்க் மேல் உட்கார்ந்து போன ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் சூடும் இருக்கிறது.

"நீங்க ரிப்பேர் பண்ணப் போறீங்களா?" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

"அப்பா சொல்லச் சொல்ல செய்வேன்."

"வித்தா பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டலாம். விக்கலேன்னா மாமா நாலு இடம் போய் வருவார். எது லாபம்னு நீங்களே பாருங்க. பி.காம்தானே?"

தார்ப்பாயை எடுத்தேன். உள்ளே ஒரு பூனைக் குடும்பம் இருந்தது. அவர்களை வேறு இடத்துக்குக் குடி மாற்றவே ஒரு நாள் ஆயிற்று.

புல்லட்டின் ஜாதகம் தெரியுமா உங்களுக்கு? இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. நம் ராணுவம் எல்லையில் ரோந்து போக 350 சி.சி. புல்லட் கேட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆனது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1956-ல் சாமான் மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்க, இங்கே பூட்டி 163 வண்டி செய்தார்கள். போகப் போக எல்லாமே இங்கேயே செய்தார்கள். 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டது. திருவொற்றியூர்க்காரர்கள் சாத்தவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி! ராணிப்பேட்டையிலும் ஒரு தொழிற்சாலை வைத்து அதே கம்பெனி சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் செய்த காலம் ஒன்று உண்டு. 1994-ல் ஐஷர் கைக்கு மாறி, பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று பெரிய ஆலைகள் வந்துவிட்டன. புது வண்டிகளில் ஒரு பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிறது. எங்களுடையது பழைய வார்ப்பிரும்பு போர். நம்மை அமுக்கும்.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒன்று மேலே, மூன்று கீழே. இப்போதைய வண்டி ஓட்டிப் பழகியவன் இதில் ஏறினால், கியர் மாற்றுகிற நினைப்பில் பிரேக் போடுவான். பிரேக் போடுகிற நினைப்பில் கியர் மாற்றுவான். இரண்டாவது ரொம்ப ஆபத்து.

அப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தோல் பை ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஆம்பூரில் ஷூ மேல்பாகம் வெட்டிய மீதித் துண்டில் அவரே தைத்தது. வரிசையாக ஸ்பானர். நட்டுகளில் பாதி இங்கிலீஷ் அளவு, பாதி மில்லிமீட்டர். எது எதற்கு என்று பைக்குத்தான் தெரியும்.

"கிக்கரைத் தொடாதே. முதல்ல கீழ இருக்கற ஆயில் போல்ட்டைக் கழட்டு."

புல்லட்டில் ஆயில் டாங்க் இன்ஜின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. வண்டி ரொம்ப நாள் நின்றால் ஆயில் மெல்ல பம்ப் வழியாக நழுவி, கிராங்க் சுற்றுகிற அறைக்குள் இறங்கிவிடும். தெரியாமல் உதைத்தால் ஊரே புகை, நடையெல்லாம் ஆயில். போல்ட்டைக் கழற்றினேன். கரும் கஷாயம் மாதிரி அரை வாளி வந்தது. அதில் பாதி என் வேட்டியில். நாலு வருஷத்துப் பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின் மாதிரி உறைந்திருந்தது. ஜெட்டை எடுத்து, மண்ணெண்ணெயில் போட்டு, சைக்கிள் பம்பால் ஊதினேன். ஊதுகிறபோது பறந்து போன சின்ன ஜெட்டைத் தேடி, குடும்பமே முட்டி போட்டு ஒன்றரை மணி நேரம் நடையைத் துழாவினோம். பையன் கண்டுபிடித்தான். கூலி பத்து ரூபாய்.

கிளட்ச் ஒயர் பக்கத்தில் இன்னொரு ஒயர் டாங்குக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முனையும் எதிலும் மாட்டாமல், பாலித்தீன் சுற்றி, நூல் கட்டி இருந்தது. எதற்கும் உபயோகமில்லாத சாமான். வெட்டலாம் என்று கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

"டேய், அதத் தொடாதே."

"எதுக்குப்பா அது?"

"இருக்கட்டும்."

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. விட்டுவிட்டேன்.

பாயிண்ட் டைமிங் வைப்பதற்கு ஒரு சிகரெட் வாங்கி வரச் சொன்னார். சிகரெட் விட்டு இருபது வருஷம் ஆன மனிதர். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் இல்லை. விஷயம் இதுதான்: சிகரெட்டைப் பிரித்து அந்த மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவில் வைக்க வேண்டும். பாயிண்ட் மூடியிருந்தால் தாள் பிடித்துக்கொள்ளும். திறக்கிற அந்த க்ஷணம் நழுவும். பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது அது நழுவ வேண்டும். பாயிண்ட் முழுசாகத் திறந்தால் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, தாளை இழுத்து இழுத்து... டைமிங் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போய்விடும். அதனால் ரொம்ப சிரத்தையாகச் செய்தேன். டபுள் என்ட்ரியில்கூட நான் அவ்வளவு சிரத்தை காட்டியதில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் பிர்சிக் என்பவர் 1968-ல் மகனைப் பின்னால் உட்கார வைத்து ஹோண்டாவில் பாதி தேசம் சுற்றிவிட்டு, அதை வைத்து 1974-ல் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். உலகம் பூராவும் விற்றது. நண்பன் கொடுத்தான் என்று படித்தேன். நூறு பக்கம் தாண்டியும் ஆயில் எங்கே ஊற்றுவது என்று வரவில்லை. ஆனால் ஒரு இடம் பிடித்தது. கூட வந்த நண்பரின் விலை உயர்ந்த வண்டியில் ஹாண்டில்பார் லூசாகிறது. பீர் டப்பாத் தகட்டை வெட்டிச் சொருகினால் சரியாகிவிடும் என்கிறார் இவர். போயும் போயும் பீர் டப்பாவா என்று அவருக்கு மனசு வரவில்லை. அவர் காவேரிப்பாக்கம் வந்திருக்க வேண்டும். எங்கள் டேப்பட் கவர் பேக்கிங், பையனின் பழைய நோட்டு அட்டை. கவரின் விளிம்பில் அட்டையை வைத்து, சுத்தியின் உருண்டைப் பக்கத்தால் தட்டிக்கொண்டே போனால் அளவாக வெட்டிக்கொண்டு வந்துவிடும். மேலே கிரீஸ். கசியவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கசியாவிட்டால் அதில் ஆயில் இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக டேப்பட். இதை மட்டும் அப்பா தானே செய்வேன் என்றார்.

இன்ஜின் ஆறி இருக்கும்போது, வலது பக்கம் கவரைத் திறந்தால் இரண்டு புஷ்ராடு தெரியும். கீழே இருக்கிற நட்டைத் திருகி அளவு வைக்க வேண்டும். இதற்குக் கேஜ் கிடையாது. விரல்தான் கேஜ். அப்பா குனிந்து, விரலை உள்ளே விட்டு, ரொம்ப நேரம் வைத்திருந்தார். திருகினார். மறுபடி தடவினார்.

"சரியா இருக்கு. மூடு."

உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றைக்கு இல்லை, மறுநாளும் இல்லை. கிக்கர் வெண்ணெயில் கால் வைத்த மாதிரி இறங்கியது. கம்ப்ரஷனே இல்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ப்ளக்கை மாற்றினேன். கார்புரேட்டரை மூன்றாவது தடவை கழற்றினேன். தெருவில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு உதை உதைத்து, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாலாஜாபேட்டையில் இருக்கிற பாய்க்குப் போன் போட்டேன். அப்பா காலத்து மெக்கானிக். இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு யோசனை மட்டும் சொல்கிறார்.

"கம்ப்ரஷன் இல்லியா? டேப்பட் டைட்டா கீதா பாரு தம்பி. வால்வு மூடாம நிக்கும்."

"அப்பாதான் வெச்சார் பாய்."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அண்ணன் வெச்சா டைட்டா இருக்காதே..." என்றார். அப்புறம், "எதுக்கும் நீ ஒரு தபா கை வெச்சிப் பாரு" என்றார்.

கவரைத் திறந்து கை வைத்தேன். ராடு அசையவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. எனக்கே தெரிந்தது. எனக்கு!

திரும்பினேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, தன் வலது கை விரல்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"போன மாசம் பால் சட்டியைக் கையால இறக்கிட்டார். விரல்ல கொப்புளம். சுட்டதே தெரியல மாமாவுக்கு. சுகர் பதினைஞ்சு வருஷமா இருக்கே, விரல் மரத்துப் போச்சு. ரெண்டு மூணு வருஷமாவே சட்டை பட்டன் போடக் கஷ்டப்படறார். உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

இப்பத்தான் தெரிந்தது. தார்ப்பாய் எதற்கு என்பதும் இப்பத்தான் தெரிந்தது. கிளட்ச் லீவரைப் பிடித்த கையில் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் ஹைவேயில் எப்படிப் போவார்? விரலை வைத்து முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர். ஊரெல்லாம் சுற்றி நகைச்சுவை எழுதுகிறவனுக்கு, அடுத்த அறையில் நடப்பது தெரியவில்லை.

காலையில் அப்பாவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்டூலைக் கொண்டுபோய் அதே இடத்தில் போட்டேன். "டேப்பட் எப்படிப் பார்க்கறது, சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு விரலால பிடி. பிடிச்சிட்டியா? பீடி சுத்தற மாதிரி உருட்டு."

"உருளலை."

"நட்டை அரைக்கால் திருப்பு தளர்த்து. இப்ப?"

"உருளுது."

"மேல கீழ ஆட்டிப் பாரு. ஆடுதா?"

"லேசா ஆடுது."

"ஆடக் கூடாது. உருளணும், ஆடக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அவசரப்படாதே."

அந்த நடு இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று ஸ்பானரை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, நட்டை இறுக்கினால் அளவு மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்பா சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். என் விரலில் என்ன தெரிகிறது என்பதை வார்த்தையில் கேட்டு, அதை வைத்து அவர் தீர்ப்பு சொன்னார். "வெள்ளாட்டுத் தோல் முதுகுப் பக்கம் மாதிரி இருக்கா, வயித்துப் பக்கம் மாதிரி இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் எந்த ஆட்டின் வயிற்றைக் கண்டேன்! ஆனால் என்னமோ புரிந்தது.

அப்புறம் அந்தச் சடங்கு. சாவி போட்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கிற முள், ஓரிடத்தில் துள்ளி நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸர் லீவரை இழுத்து, இன்னும் ஒரு அங்குலம் தள்ளு. லீவரை விடு. கிக்கரை மேலே வர விட்டு, உடம்பு முழுசையும் அதன் மேல் இறக்கு. பலத்தால் உதைப்பவனுக்குப் புல்லட் ஸ்டார்ட் ஆகாது.

இறக்கினேன்.

டுப். ஒரு இடைவெளி. டுப், டுப். அப்புறம் நிற்காமல் அந்த நடை. வீட்டுக்குள் பாத்திரம் அதிர்ந்தது. பூனைகள் ஓடின. எதிர்வீட்டுப் பாட்டி வெளியே வந்து, "உங்கப்பா ஊருக்குப் போறாராடா?" என்றாள்.

அப்பா ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி ஒவ்வொரு இடமாக. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஹெட்டுக்குப் போற ஆயில் பைப் போல்ட்டை லேசா தளர்த்து. ஆயில் கசியுதா? சரி, மேல ஏறுது. இறுக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை சுலபமாகவே முடிந்தது. வண்டியைச் சுற்றி வந்து, நம்பரெல்லாம் சரிபார்த்து, ஓட்டிக் காட்டச் சொன்ன இன்ஸ்பெக்டர், "நல்லா வெச்சிருக்கீங்களே, யார் மெக்கானிக்?" என்றார். அப்பா கையை என் பக்கம் நீட்டினார். ஐந்து வருஷம் நீட்டிப்பு. வண்டிக்கு.

பெங்களூர்க்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொன்னார். அதற்கு முந்தின ஞாயிறு காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"குடுக்கறதுக்கு முன்ன ஒரு தபா ஆம்பூர் போய்ட்டு வரலாமா?"

ஆம்பூர் எங்களுக்குச் சுமார் 90 கிலோமீட்டர். அப்பாவின் பழைய ரூட். பிர்சிக் கதையில் மகன் பின்னால். எங்கள் கதையில் அப்பா பின்னால். ஹெல்மெட் மாட்டிவிட்டு, பக்கிளை நான் போட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, "பிரியாணி கூடாது" என்பதைத் தவிர.

அவர் காலத்தில் இது இரண்டு லாரி உரசிக்கொண்டு போகிற ரோடு. இப்போது எங்கள் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைப் பார்த்து வால்வோ பஸ் பரிதாபப்படுகிறது. வாலாஜா டோல்கேட்டில் டூ-வீலருக்குக் காசு கிடையாது. ஓரமாக ஒரு சந்து. அந்த ராஜமரியாதையில் நுழைந்து போனோம். ராணிப்பேட்டை தாண்டி பாலாற்றுப் பாலம். மணலும் கருவேலமும்தான். அப்பா மெதுவாகப் போகச் சொன்னார். 1996-ல் சுப்ரீம் கோர்ட் இந்த ஆற்றங்கரைத் தோல் ஷாப்புகள் பற்றிச் சொன்ன தீர்ப்பை இன்றைக்கும் சட்டம் படிக்கிற பையன்கள் நெட்டுரு போடுகிறார்கள்: கெடுத்தவன்தான் செலவைக் கட்ட வேண்டும் என்று. அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. எங்கள் வீட்டு அரிசி அந்தத் தோலில் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் இந்த ஆற்றை நம்பியது. "ரெண்டும் நிஜம்தான்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். பாலத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தினகிரியில் முருகனுக்கு ரோட்டிலிருந்தே ஒரு கும்பிடு. வேலூரைத் தாண்டி, பொய்கை. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடுகிற ஊர். "இங்க மாடு நிக்கறதைப் பார்த்தே தோலுக்கு விலை சொல்லுவேன்" என்று காதருகே கத்தினார். முதுகில் அவர் தட்டிய தட்டில் உற்சாகம் தெரிந்தது.

பள்ளிகொண்டா நெருங்கும்போது, கியர் மாற்றப் போன என் இடது கையில் கிளட்ச் லீவர் தொளதொளவென்று வந்துவிட்டது. ஒயர் அறுந்துபோயிற்று. தட்டுத் தடுமாறி ஓரம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை. கடை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுபத்து மூன்று வயசுக்காரர், சுகர், வெயில். எனக்கு வேர்த்தது வெயிலால் அல்ல.

அப்பா நிதானமாக இறங்கி, ஹெல்மெட்டோடு மைல்கல்லில் உட்கார்ந்தார்.

"டாங்குக்கு அடியில இன்னொரு ஒயர் இருக்கில்ல?"

இருந்தது. நான் வெட்டப் பார்த்த அதே ஒயர்.

"நூலை அவுரு. பாலித்தீனைப் பிரி."

பிரித்தேன். உள்ளே கிரீஸ் கெட்டியாக, துரு ஒரு பொட்டுகூட இல்லாமல், புத்தம் புது முனை. மேல் முனை லீவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. கீழ் முனை கியர் பாக்ஸ் பக்கத்தில். அறுந்ததை அவிழ்த்து, இதை இரண்டு பக்கமும் மாட்டி, நட்டைத் திருகி இழுப்பு வைத்தேன். பதினைந்து நிமிஷம்.

"எப்பப்பா இதைப் போட்டீங்க?"

"நீ காலேஜ் சேர்ந்த வருஷம். ராத்திரில வாணியம்பாடி காட்டுல ஒரு தபா அறுந்துபோச்சு. விடிய விடிய தள்ளினு வந்தேன். அப்பலேர்ந்து எப்பவும் ஒண்ணு கூட ஓடும்."

அவர் விடிய விடிய வண்டி தள்ளிய அந்த ராத்திரி நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆம்பூரில் சீரக சம்பா பிரியாணியும், கத்தரிக்காயும். அப்பா நாலு கவளம். அதற்கு மேல் தட்டை அவரே என் பக்கம் தள்ளிவிட்டார். இந்த நாலு கவளத்தை இங்கே எழுதுவதற்கு வீட்டில் என்ன தண்டனை என்பது பத்திரிகை வந்த பிறகு தெரியும்.

சாப்பிட்டுவிட்டு அவருடைய பழைய சிநேகிதர் ஒருவரின் தோல் கடைக்குப் போனோம். ஷூவுக்கு மேல்தோல் விற்கிற சின்ன இடம். "அண்ணே, இந்த லாட் எப்படி, பாருங்க" என்று அவர் ஒரு தோலை எடுத்து நீட்டினார். பழைய பழக்கம், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா வாங்கினார். விரலால் தடவவில்லை. தோலை மெதுவாகத் தூக்கி, கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, காது ஓரத்திலிருந்து உதடு வரை ஒரு இழுப்பு.

"வெள்ளாடு. நல்ல சரக்கு. கழுத்துப் பக்கம் மட்டும் ஒரு உரசல்."

சிநேகிதர் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்துப் பக்கம் ஒரு கோடு இருந்தது.

அப்பா கை கழுவப் பின்பக்கம் போனார். நான் வாசலுக்கு வந்து பெங்களூருக்குப் போன் செய்தேன். அவர் விலையை ஏற்றினார். ஒன்று நாற்பது. எனக்கு நாக்கு வறண்டது, பொய் சொல்வானேன்? ஃபீஸ் கட்ட ஜூன் மாசம் வரைக்கும் டயம் இருந்தது.

திரும்புகிற வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்று திறந்திருந்தது. "புல்லட் பழைய மாடலுக்கு கிளட்ச் ஒயர் ரெண்டு குடுங்க" என்றேன்.

"எதுக்குடா ரெண்டு?" என்றார் அப்பா. "மாட்டினது நல்லாத்தானே இருக்கு. வாங்கறவர் பாத்துக்குவார்."

"அவருக்குப் போன் பண்ணிட்டேன்பா."

"எப்ப?"

"நீங்க கை கழுவப் போனப்ப."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டில் ஒரு லாரி போகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருந்தபோது என் முழங்கையைத் தட்டினார்.

"ஒரு பாலித்தீன் கவர் கேளு. நுனில சுத்தறதுக்கு."